யாட்மாஸ்டர் தேர்வுக்குப் படிக்கிறீர்களா? ஒரே ஒரு படகை எடுத்துக்கொள்ளுங்கள்

பிரிட்டனின் படகோட்டச் சங்கமான ஆர்ஒய்ஏ நடத்தும், பாய்மரப் படகுத் தலைவருக்கான யாட்மாஸ்டர் தேர்வுக்குப் படிக்கிற நம் ஆட்கள் கணக்குக்குப் பயப்படுவதில்லை. ஓதக் கணக்கு, சார்ட்டில் (கடல் வரைபடத்தில்) கோடு போடுவது எல்லாம் சீக்கிரம் கைவந்துவிடும். "இந்தப் படகு காற்று ஏறினால் எப்படி நடந்துகொள்ளும்?" என்று வாய்மொழியாகக் கேட்டால்தான் திணறல். இங்கிலாந்தில் வேலை பார்த்துக்கொண்டே இதற்குப் படித்தவன் என்ற முறையில், எனக்குப் பலன் தந்த வழியைச் சொல்கிறேன். சூத்திரங்களைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு நிஜப் படகை எடுத்துக்கொண்டு எல்லாக் கணக்கையும் அதன்மேலேயே போட்டுப் பாருங்கள்.

நான் எடுத்தது கான்டெஸா 32. டேவிட் சாட்லர் வடிவமைத்து, இங்கிலாந்தின் லிமிங்டனில் 1970-களில் நூற்றுக்கணக்கில் கட்டப்பட்ட படகு. நீளம் 32 அடி, நீர்க்கோட்டு நீளம் (நீர் மட்டத்தில் அளக்கும் நீளம்) 24 அடி, அகலம் 9.5 அடி, எடை 9,500 பவுண்ட். அந்த எடையில் 4,500 பவுண்ட் கீலில், அதாவது படகின் அடியில் உள்ள கனமான துடுப்பில், இருக்கிறது. இந்த ஐந்து எண்களும் தாளின் தலைப்பில் இருக்கட்டும். அடியும் பவுண்டும் பழசுதான், ஆனாலும் சூத்திரங்கள் அந்த அலகில்தான் புழங்குகின்றன. மீட்டரையும் கிலோவையும் கலந்தால் விடை எங்கோ போய்விடும்.

முதலில் வேகம். நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் 6.6 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) வரும். இது படகு தானே எழுப்பும் அலையில் சிக்கிக்கொள்ளும் எல்லை. பயணத் திட்டத்துக்கான வேகம் இல்லை. திட்டத்துக்கு 5 நாட் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்துக் கரையில் உள்ள நீடில்ஸ் பாறைகளிலிருந்து பிரான்ஸின் ஷெர்பூர் துறைமுகம் சுமார் 60 கடல்மைல், அதாவது 12 மணி நேரம். காற்று நேர் எதிரே என்றால்? 45 பாகையில் மாறி மாறிப் போக வேண்டும், தூரம் 85 மைலாகிவிடும், நேரம் 17 மணி. காற்று பக்கவாட்டில் தள்ளுவதும் அலை அடிப்பதும் இதில் சேரவில்லை. இதைத் தேர்வாளர் கேட்காமலேயே சொல்லுங்கள். கரையை நோக்கிக் காற்று தள்ளும்போது எதிர்க்காற்றில் விலகி வரத் தெரியாத படகை நான் கடலுக்கு ஏற்றதாகவே எண்ண மாட்டேன்.

எடைக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் இதற்கு 307 வருகிறது, கனமான படகுதான். மெல்லிய காற்றில் சோம்பல், ஆனால் அலையில் குலுக்கல் குறைவு, சாப்பாட்டுச் சாமானும் தண்ணீரும் ஏற்றினாலும் குணம் பெரிதாக மாறாது. பாய்ப் பரப்பு விகிதத்தைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். ஒரே எச்சரிக்கை: சில விளம்பரத் தாள்களில் ஜெனோவா என்ற பெரிய முன்பாயையும் சேர்த்துக் கணக்கிட்டிருப்பார்கள், சிலவற்றில் முன்பாய்க்கு முன்முக்கோணம் (பாய்மரத்துக்கும் படகின் முனைக்கும் இடைப்பட்ட பரப்பு) மட்டும் இருக்கும். எது என்று பார்க்காமல் இரண்டு படகுகளை ஒப்பிடக் கூடாது.

அப்புறம் வருவது நிலைப்பாடு. படிக்கும் நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள்.

படகு சாயும்போது எடை ஒரு கோட்டில் கீழே இழுக்கிறது, மிதப்பு இன்னொரு கோட்டில் மேலே தள்ளுகிறது. இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட கிடைமட்டத் தூரம்தான் ஜிஇசட். 0 முதல் 180 பாகை வரை அந்த வளைவைக் கட்டத்தாளில் கையால் வரையுங்கள். தொடக்கத்தில் செங்குத்தாக ஏறினால் படகு காற்றுக்கு விறைப்பாக நிற்கும். அகலமான படகுகள் அப்படித்தான். வளைவு பூஜ்யத்தைத் தொடும் இடம் ஏவிஎஸ், அதாவது நிலைப்பாடு மறையும் கோணம். அதைத் தாண்டினால் படகு தானாக நிமிராது, தலைகீழாகத்தான் போகும். கான்டெஸாவுக்கு அது ஏறக்குறைய 155 பாகை. இன்றைய அகலமான பயணப் படகுகள் பலவற்றில் 110, 120-லேயே முடிந்துவிடும். பூஜ்யக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்பையும் பாருங்கள். அது பெரிதாக இருந்தால், கவிழ்ந்த படகு கவிழ்ந்தபடியே வசதியாகக் கிடக்கும் என்று பொருள்.

இப்போது பாய்மரத்தின் மேல் எதையாவது ஏற்றிப் பாருங்கள். படகின் ஈர்ப்பு மையத்துக்கு 8 மீட்டர் உயரத்தில் 20 கிலோ கூடுகிறது என்று வையுங்கள். 160-ஐப் படகின் எடையான சுமார் 4,300 கிலோவால் வகுத்தால், மையம் கிட்டத்தட்ட 3.7 செ.மீ. மேலே போகிறது. 90 பாகைச் சாய்வில் ஜிஇசட்டும் அதே அளவு குறையும். ரேடார், மரத்துக்குள் சுருளும் பாய் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறவர்கள் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்த்தால் நல்லது.

கவிழ்வுச் சோதனை எண் என்று ஒன்று எல்லாரும் சொல்வார்கள். அடிக் கணக்கில் எடுத்த அகலத்தை, பவுண்ட் எடையை 64-ஆல் வகுத்து எடுத்த கனமூலத்தால் வகுக்க வேண்டும். 2-க்குக் கீழே இருந்தால் தேறும். கான்டெஸாவுக்கு 1.79. சரி, ஆனால் சூத்திரத்தை உற்றுப் பாருங்கள்: அகலமும் எடையும் மட்டும்தான் இருக்கின்றன. கீலைக் கழற்றி மரத்தின் உச்சியில் கட்டினாலும் விடை அதேதான்! முதல் வடிகட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண் பிறந்ததே 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்துக்குப் பிறகுதான். 303 படகுகள் கிளம்பி, போட்டியாளர்கள் 15 பேர் இறந்த பந்தயம் அது. மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது ஒன்றே ஒன்று: அசென்ட் என்ற கான்டெஸா 32. ஆட்கள் கைவிட்டுப் போன படகுகள் 24. அவற்றில் மூழ்கியவை 5. மற்றவை பிறகு மிதந்தபடி கிடைத்தன. உயிர்ப்படகுக்கு எப்போது மாறுவீர்கள் என்று கேட்டால் இந்த இரண்டு எண்களோடு பதிலைத் தொடங்கலாம்.

அதற்குப் பின் சவுத்தாம்ப்டனில் மாதிரிப் படகுகளை வைத்துச் செய்த சோதனைகளில், பக்கவாட்டில் வந்து உடையும் அலை படகின் நீளத்தில் 30 சதவீதம் உயரம் இருந்தாலே சில படகுகள் கவிழ்ந்தன. 60 சதவீதத்தில் எதுவும் தப்பவில்லை. நம் படகுக்கு இது சுமார் 2.9 மீட்டர், 5.9 மீட்டர். 155 பாகை ஏவிஎஸ் கவிழ்வதைத் தடுக்காது. கவிழ்ந்தால் சீக்கிரம் நிமிர்த்தும், அவ்வளவே. உலகைத் தனியாகச் சுற்றும் 2018 கோல்டன் குளோப் பந்தயத்தில் இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி ஓட்டிய துரியா, கோவாவில் கட்டிய 32 அடிப் படகு, கீலும் நீளமானது. தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் அதுவும் உருண்டு மரத்தை இழந்தது. ஆகவே அலைக்குப் பக்கத்தைக் காட்டாமல் இருக்க என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்துத் தயாராகுங்கள்: வேகத்தைக் குறைக்கப் படகின் பின்னால் இழுத்துச் செல்லும் ட்ரோக், அலையோடு ஓடுவது, முன்கூட்டியே பாயைக் குறைப்பது. வளைவெல்லாம் கதவும் மூடியும் சாத்தியிருக்கிறது என்ற கணக்கில்தான் வரைகிறார்கள். கேபின் வாசல் பலகைகளைத் தாழிட வழியில்லாத படகில் அந்த 155-க்கு மதிப்பில்லை.

எந்தக் கடலுக்கு எந்தப் படகு என்று பிரிக்கும் ஐரோப்பிய வகைப்பாடும் கேட்பார்கள். ஏ என்றால் பியூஃபோர்ட் காற்று அளவுகோலில் காற்று 8-க்கு மேல், அலை 4 மீட்டருக்கு மேல். பி அந்த அளவு வரை. சி காற்று 6, அலை 2 மீட்டர் வரை. இந்த விதி 1998-ல்தான் கட்டாயமானது, எனவே பழைய படகுகள் பலவற்றில் வகையைக் காட்டும் தகடே இருக்காது. தேர்வுக்கு வாடகைப் படகில் போகிறீர்கள் என்றால் முந்தின நாளே உரிமையாளர் கையேட்டைக் கேட்டு வாங்கி, ஜிஇசட் வளைவு இருக்கும் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.