இறால் இல்ல மேடம், தைரியமா சாப்பிடுங்க

மாமல்லபுரம் தாண்டிக் கடலை ஒட்டின ஒரு ரிசார்ட்டில் மூன்று பகல், இரண்டு இரவு. பெயர் வேண்டாம், விடுங்கள். திரும்பி வந்து நாலு நாளாகிறது. இன்னும் யாராவது பக்கத்தில் அப்பளம் பொரித்தால்கூட "அது எந்த எண்ணெய்?" என்று கேட்க வாய் வருகிறது.

மகளுக்கு ஏழு வயது. இறால், நண்டு, சிங்கி இறால் எதுவும் ஆகாது. கணவாய், சிப்பி, மட்டி விஷயத்தில் டெஸ்ட் அரைகுறையாகச் சொன்னதால் அவற்றையும் டாக்டர் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார். மீன் ஆகும். வஞ்சிரம் வறுத்தால் எங்கள் தட்டில் இருப்பதையும் சேர்த்துச் சாப்பிடுவாள். இதுதான் எல்லோரையும் குழப்புகிறது. மீனில் அலர்ஜி உண்டாக்கும் புரதம் வேறு, இறாலில் இருக்கும் புரதம் வேறு. இறாலுடையதன் பெயர் ட்ரோபோமயோசின். எத்தனை நேரம் கொதிக்க வைத்தாலும் அது அடங்காது. "நல்லா வெந்துடுச்சு, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லும் சொந்தக்காரர்களுக்காகவே இந்தப் பெயரை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

புக் செய்யும்போதே மெயிலில் எழுதினோம், போனிலும் சொன்னோம். "நோட்டட் மேடம்" என்றார்கள். எங்கே நோட் பண்ணினார்கள் என்பது கடைசி வரை தெரியவில்லை.

முதல் அடி கேட்டிலேயே. வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். எங்கள் பையில் குட்டி எலெக்ட்ரிக் குக்கர், அரிசி, பருப்புப்பொடி, இட்லிப் பொடி, ரஸ்க். எதுவும் கைகொடுக்காவிட்டால் பிள்ளைக்குச் சோறாவது வடிக்கலாம் என்று எடுத்துப் போனது. செக்யூரிட்டி அண்ணன் மரியாதையாகத்தான் பேசினார். "டாக்டர் லெட்டர் இருந்தா விட்ரலாம் மேடம்" என்றார். லெட்டர் இருக்கிறது. லேமினேட் செய்து, காந்தம் ஒட்டி, எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் அழகாகத் தொங்குகிறது. போனில் இருந்த படத்தைக் காட்டினேன். அது 2022-ல் எடுத்தது, பாதி நிழல். "இது பழசு மேடம்." நாற்பது நிமிஷம் வெயிலில் நின்ற பிறகு குக்கருக்கு ஒரு டோக்கன் கொடுத்தார்கள். போகும்போது வாங்கிக்கொள்ளலாமாம்.

அலர்ஜி முற்றினால் உடனே தொடையில் போடுகிற அட்ரினலின் ஊசி மட்டும் என் கைப்பையில் இருந்ததால் தப்பியது. பேனா வடிவில் வரும் அந்த ஊசி நம் ஊர் மருந்துக் கடையில் கேட்டவுடன் கிடைக்கிற பொருள் இல்லை. எங்களுக்கு நாத்தனார் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தார். மகள் 22 கிலோ, அவளுக்கு 0.15 மில்லிகிராம் பேனா. பேனா கிடைக்காதவர்களுக்கு ஆம்பூலும் சிரிஞ்சும் எழுதிக் கொடுத்து, எவ்வளவு எடுக்க வேண்டும், தொடையில் எங்கே குத்த வேண்டும் என்று டாக்டரே பழக்கிவிடுவார். எதுவானாலும் காருக்குள் வைத்துவிட்டு இறங்காதீர்கள். மருந்துக்குச் சூடு ஆகாது. லெட்டர் வாங்கும்போது "சொந்த உணவும் ஊசியும் உடன் வைத்திருக்க வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்து, இந்த வருஷத் தேதி போட்டு வாங்குங்கள். இரண்டு நகல். ஒன்று ஃப்ரிட்ஜுக்கு.

ரிசப்ஷனில் இன்னொரு காகிதம். பிள்ளைக்குத் தனியாகச் சமைக்க வேண்டுமென்றால் கையெழுத்துப் போட வேண்டும்: எது நடந்தாலும் விருந்தினரே முழுப் பொறுப்பு. வீட்டுக்காரர் பேனாவை எடுத்தே விட்டார். நான் வாங்கி, "முழுப் பொறுப்பு" என்ற இடத்தை அடித்துவிட்டு, "இறால், நண்டு, சிப்பி ஒவ்வாமை பற்றி மாலை 3.20-க்குத் தெரிவிக்கப்பட்டது" என்று எழுதி, முதலில் நீங்கள் போடுங்கள் என்று மேனேஜரிடம் நீட்டினேன். அவர் உள்ளே போய், யாரிடமோ பேசி, ஏசி அறையிலும் வியர்த்துக்கொண்டு வந்து போட்டார். அந்த மூன்று நாளில் நான் ஜெயித்த இடங்கள் மொத்தம் இரண்டு. இது ஒன்று.

அன்று ராத்திரி சாப்பாடு. பரிமாற வந்த தம்பி ஒடிசாக்காரர், சின்னப் பையன், சிரித்த முகம். நான் ஆங்கிலத்தில் "ஷெல்ஃபிஷ் அலர்ஜி" என்றேன். நிதானமாக இரண்டு தடவை சொன்னேன். அவரும் தலையாட்டி எழுதிக்கொண்டார். இருபது நிமிஷத்தில் பெருமையோடு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். "நோ ஃபிஷ் மேடம்!" தட்டில் ஃப்ரைடு ரைஸ். அதன் மேல் வால் தூக்கிக்கொண்டு ஆறு இறால். மீனுக்குப் பதிலாக இறால் போட்டுக் கொடுத்திருக்கிறார், பாவம். அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அந்த வார்த்தைக்குள் மீன் இருக்கிறது, கேட்கிறவர் காதில் அதுதான் விழும். பேச்சு வழக்கில் இறாலுக்குப் பொதுவாக நாம் சொல்லும் "சீஃபுட்" இன்னும் மோசம். இறால், நண்டு என்று தனித்தனியாகப் பெயர் சொல்லுங்கள். ஹிந்தி தெரிந்தவர் என்றால் ஜீங்கா, வங்காளி என்றால் சிங்ரி. அதைவிட நல்லது, போனில் படத்தைக் காட்டி குறுக்கே கோடு போடுவது. மறுநாள் காலையிலிருந்து அதைத்தான் செய்தேன். அந்தத் தம்பி மூன்று நாளும் எங்களைப் பார்த்தபோதெல்லாம் "நோ ஜீங்கா" என்று கையைக் குறுக்கே வைத்துக் காட்டினார். அங்கே நிஜமாகவே நோட் பண்ணின ஒரே ஆள் அவர்தான்.

மெனு கார்டில் பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி தவிர வேறு எதுவும் இல்லை. மத்திய உரிமம் உள்ள உணவகங்களும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ளவையும் மெனுவில் ஒவ்வாமை விவரம் தர வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. இதைச் சொன்னபோது மேனேஜர் என்னை வருமான வரி ஆபீஸர் மாதிரி பார்த்தார். அப்புறம் எங்கள் மேஜைக்கு மட்டும் தண்ணீர் சீக்கிரம் வந்தது.

இரண்டாம் நாள் மதியம் அங்கேயே இருந்த சைனீஸ் உணவகம். சிக்கன் நூடுல்ஸ். "இறால் இல்ல மேடம், தைரியமா சாப்பிடுங்க." அதில் ஊற்றுகிற சாஸ் பாட்டிலைப் பார்க்க வேண்டும் என்றேன். அடம்பிடித்த பிறகு பாட்டில் வந்தது. ஆய்ஸ்டர் சாஸ். "இது சாஸ்தான் மேடம், சிப்பி எல்லாம் போட மாட்டாங்க." லேபிளில் சிப்பிச் சாறு என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. இங்கே ஒரு விஷயம்: நம் ஊர் பாக்கெட்டுகளில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பட்டியலில் இறால், நண்டு வகை உண்டு. சிப்பி, கணவாய் வகை கிடையாது. அதனால் கீழே தடித்த எழுத்தில் போட்டிருக்கும் வரியை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாகாதீர்கள். மேலே சேர்மானப் பட்டியல் முழுவதையும் படிக்க வேண்டும். அன்று மகள் சாப்பிட்டது தயிர்சாதம். கேட்டு வாங்கிய தயிர்சாதம், தனிக் கரண்டி. கடற்கரை ரிசார்ட்டில், அந்த விலைக்கு.

இவ்வளவு உஷாராக இருந்தும் மாட்டிக்கொண்டது உருளைக்கிழங்கில்.

சாயங்காலம் நீச்சல் குளத்துப் பக்கம் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் கேட்டாள். உருளைக்கிழங்கு, உப்பு. இதில் என்ன கேட்க இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். பச்சைப் புள்ளி வேறு. ஏழெட்டுத் துண்டு சாப்பிட்டிருப்பாள். "அம்மா, உதடு குறுகுறுங்குது" என்றாள். திரும்பிப் பார்த்தால் கீழுதடு ஒரு பக்கம் தடித்திருக்கிறது, கழுத்தில் வட்ட வட்டமாகத் தடிப்பு. வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கேட்டதில் தெரிந்தது, ஒரே ஃப்ரையர். கோல்டன் ப்ரான் பொரிப்பதும் அதில்தான், சிப்ஸ் போடுவதும் அதில்தான். எண்ணெய் அன்றைக்குக் காலையில் ஊற்றியதாம்.

டாக்டர் எழுதிக் கொடுத்த அலர்ஜி மருந்தைக் கொடுத்து அறைக்குத் தூக்கிப் போனோம். அந்த மருந்து அரிப்பைத்தான் குறைக்கும். மூச்சு இறுகினாலோ, வாந்தி, மயக்கம் என்று போனாலோ உடனே ஊசி, பிறகு 108. எங்கள் டாக்டரின் உத்தரவு அது. கட்டிலில் அவளைச் சாய்த்து உட்கார வைத்து, பேனாவைக் கூட்டிலிருந்து எடுத்துப் போர்வை மேல் வைத்துக்கொண்டு, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணினேன். அவள் டிவியில் பூனை எலியைத் துரத்துவதைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிப்புக்கு நடுவில் ஒரு இருமல் வந்தது. அந்த ஒரு இருமலுக்கு என் கை பேனா மேல் போய் நின்றது. இரண்டாவது வரவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் தடிப்பு இறங்கியது. சில பேருக்கு அடங்கின மாதிரி இருந்து சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரும் என்பதால், ராத்திரி முழுக்க நாங்கள் முறை போட்டு விழித்திருந்தோம். வெளியே கடற்கரையில் பார்பெக்யூ. இறால் சுடும் வாசனை ஏசி வழியாகக்கூட வருகிற மாதிரி இருந்தது. இறால் வேகிற ஆவி பட்டாலே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் அந்தப் பக்கம் போவதாக ஏற்கெனவே இல்லை. ஜன்னலையும் சாத்தினேன்.

மறுநாள் காலை நான் யாரிடமும் கேட்கவில்லை. நேராகக் கிச்சன் வாசலில் போய் நின்று, சமைப்பவரோடு பேச வேண்டும் என்றேன். மேனேஜர் தடுத்தார், நான் நகரவில்லை. உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஒருவர் வந்தார். கடலூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூட "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லவில்லை.

"முன்னாடி நிக்கிற பசங்ககிட்ட கேக்காதீங்கக்கா. இறால் இருக்கான்னு கேட்டா, கார்டுல இல்லன்னா இல்லைம்பாங்க. எந்தச் சட்டி, எந்த எண்ணெய், எந்தக் கரண்டின்னு எங்ககிட்ட கேளுங்க" என்றார். அப்புறம் தானாகவே ஒன்று சொன்னார்: "தோசைக் கவுன்ட்டர்ல ஸ்பெஷல் பொடின்னு ஒண்ணு வெச்சிருக்கோம். அதைத் தொட்ராதீங்க. அதுல சென்னாகுன்னி வறுத்துப் போட்டிருக்கு."

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. கூனி இறால் கருவாடு. பார்க்க அச்சு அசல் இட்லிப் பொடி. எங்கள் இட்லிப் பொடியோ கேட்டில் டோக்கனோடு தூங்குகிறது. முந்தின நாள் காலை அந்தப் பொடியை மகள் கேட்டு, காரமாக இருக்கும் என்று நான்தான் வேண்டாமென்றேன். காரத்தால் பிழைத்தோம்.

அவர் சைவக் கிச்சன் பக்கத்திலிருந்து ஒரு சின்ன இரும்புச் சட்டியைக் கொண்டுவரச் சொன்னார். பாக்கெட்டை என் கண் முன்னால் வெட்டிப் புது எண்ணெய் ஊற்றினார். வேறு பலகை, வேறு கத்தி. இரண்டு வஞ்சிரத் துண்டு, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் எலுமிச்சை. தனி மசாலா, ஏனென்றால் வழக்கமான மசாலா டப்பாவில் இறால் பிரட்டின கையும் போகுமாம். தட்டை வேறு யார் கையிலும் கொடுக்காமல் அவரே எடுத்து வந்து வைத்தார். மகள் இரண்டையும் தின்றுவிட்டு, "இன்னொண்ணு இருக்கா அங்கிள்?" என்றாள். ஜெயித்த இரண்டாவது இடம் இது. மதியமும் அவர்தான். ஷிஃப்ட் முடிந்து போகும்போது, அடுத்து வருகிறவரையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போனார். போகிற இடத்தில் முதல் வேளைக்கு முன்னாலேயே இப்படி ஒருவரைப் பிடித்துவிடுங்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, பதினொன்று, மூன்றரை மாதிரி. எட்டு மணி பஃபே நெரிசலில் போனால் அவர்களும் பாவம், நாமும் பாவம்.

கிளம்பும்போது ரிசப்ஷனில் மேனேஜர், நடந்ததற்கு வருத்தம் என்று சொல்லி, ரிப்பன் கட்டின ஒரு கூடையைக் கையில் கொடுத்தார். காரில் மகள்தான் பிரித்தாள். முறுக்கு, முந்திரி, ஒரு சோப்பு, அடியில் ஒரு ஊறுகாய் பாட்டில். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். "இ...றா...ல் ஊறு...காய்" என்று படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

மூடி இறுக்கமாக, சீல் உடையாமல் இருந்தது. கேட்டில் டோக்கனைக் கொடுத்துக் குக்கரை வாங்கியபோது, வீட்டுக்காரர் அந்த பாட்டிலைச் செக்யூரிட்டி அண்ணனிடம் நீட்டினார். அவர் லேபிளைப் பார்த்துவிட்டு, "வெளிச் சாப்பாடு இல்லையே சார், நம்ம கிச்சன்துதான்" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.