பிடியரிசிக் கலயம்

ஜனவரி 24, வெள்ளி

ரயில் மண்டபத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து பஸ். பாம்பன் பாலத்தில் ஏறியதும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், நான் வடகடல் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டில் அம்மா பேசவில்லை. தம்பியும் கூடப் படகில் போனவர்களும் அக்கரையில், இலங்கைக் காவலில்தான் இருக்கிறார்கள், உயிருக்கு ஒன்றுமில்லை என்று படகுக்காரர் சம்மாட்டி சொன்னாராம்.

ஜனவரி 25, சனி

வாடைக்காற்று. ராத்திரி முழுக்கக் கதவு ஆடியது. ஒவ்வொரு தடவையும் எழுந்து பார்த்தேன்.

ஜனவரி 27, திங்கள்

அரிசி எடுக்கப் போனபோது அடுக்களை மூலையில் அப்பத்தாவின் கலயம் கண்ணில் பட்டது. வாய்க்கு அதே ஓலைக்கொட்டான் கவிழ்த்து மூடியிருக்கிறது. ஓரம் பிய்ந்த இடத்தில் அப்பத்தா நீல நைலான் நூலால் தைத்த தையல்கூட அப்படியே இருக்கிறது. வலை பின்னுகிற நூல். உள்ளே ஒன்றுமில்லை, செத்துப்போன வண்டு இரண்டு.

அப்பத்தா உலைக்கு அரிசி அளந்து போட்டதும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடும். வீட்டில் அரிசி இருந்தாலும் சரி, கடன் வாங்கி வந்த அரிசியானாலும் சரி. கடன் வாங்கினதிலிருந்து எதுக்கு என்று அப்பா ஒருநாள் கத்தியபோது, "அதுலயுந்தான் சோறு ஆகுது" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டது.

கலயம் நிறைந்தால் விளக்கு வைத்த பிறகு முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பும். எங்கே என்று கேட்டால் "வந்துர்றேன்" என்று மட்டும் சொல்லும். ஆள் பிடிபட்ட வீடு, படகு போன வீடு, புருஷன் படுத்துவிட்ட வீடு என்று பின்னால் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பத்தா 2021-இல் போனது. அதற்கப்புறம் யாரும் போடவில்லை.

கலயத்தைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 29, புதன். தை அமாவாசை

ராமேஸ்வரம் முழுக்க வெளியூர் ஜனம். பஸ் எல்லாம் நிறைந்து போகிறது. அம்மா விடியும் முன்னே அக்னி தீர்த்தத்துக்குப் போய்க் கழுத்தளவு தண்ணீரில் நின்று வேண்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ஏர்வாடி தர்காவுக்கும் நேர்ந்திருக்கிறாளாம். மஞ்சள் துணியில் முடிந்த காசு சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது.

அப்பத்தா இதுவேண்டும் அதுவேண்டும் என்று சாமி கும்பிட்டு நான் பார்த்ததில்லை. சாயங்காலம் ஒரு அகல், ஒரு நொடி கண்ணை மூடும், அவ்வளவுதான். என்ன கேட்ட என்று சின்ன வயதில் நச்சரிப்பேன். "என்னத்தக் கேக்க, அதுக்குத் தெரியாதா" என்னும்.

ஜனவரி 30, வியாழன்

இன்று முதல் பிடி போட்டேன். போடும்போதே தம்பி பேரைச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

தூக்கமில்லை. நினைத்துக்கொண்டே கிடக்கிறேன்.

1964 டிசம்பர் 22 ராத்திரி அப்பத்தா தனுஷ்கோடியில் கைக்குழந்தையோடு இருந்தது. அந்தக் குழந்தைதான் அப்பா. ஐயா கடலுக்குப் போயிருந்தார். புயலில் ஊரே போன ராத்திரியைப் பற்றி அப்பத்தா ஒன்றே ஒன்றுதான் சொல்லும். மணல் மேட்டில் உட்கார்ந்திருந்தபோது இருட்டில் யாரோ ஊறிப்போன அரிசியை அதன் கையில் வைத்துவிட்டுப் போனார்களாம். ஆணா பொண்ணான்னுகூடத் தெரியல என்னும். ஐயா நாலாம் நாள் வந்தார். அந்த மூன்று நாள் எப்படிப் போச்சு என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். சொன்னதே இல்லை. இப்போது எனக்கு அதுதான் வேண்டும், அந்த மூன்று நாள்.

இருட்டில் வாங்கினதால்தான் இருட்டில் கொடுத்தது என்பாள் அத்தை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாங்குகிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் அந்த நேரத்தில் போயிருக்கும்.

அப்புறம் இலங்கைச் சண்டைக்காலம். அரிச்சல்முனை மணலில் அக்கரைச் சனம் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கியபோது கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் கொண்டுபோகும் என்று அப்பா சொல்வார். மண்டபம் முகாமுக்கும் போயிருக்கிறது. அன்றைக்கு அந்தக் கஞ்சியைக் குடித்த பிள்ளை யாராவது இப்போது அக்கரையில் இருக்கக்கூடாதா. தம்பிக்கு ஒரு வாய் கொடுக்கக்கூடாதா.

இப்படியெல்லாம் கணக்குப் போடுகிறேன். அப்பத்தா ஒருநாளும் போட்டதில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

காவலை மறுபடி 14 நாள் நீட்டிவிட்டார்கள். இனி 20-ஆம் தேதிதான்.

பிப்ரவரி 8, சனி

அம்மா பாசி எடுக்கப் போய்விட்டு வந்தாள். விரலில் சுற்றின துணியை அவிழ்க்கும்போது கை நடுங்கியது. கலயத்தைப் பார்த்துவிட்டாள். நமக்கே நாதியில்ல, நீ ஊருக்கு எடுத்து வைக்கிறியா என்று கத்தினாள். நானும் கத்தினேன். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

ராத்திரி சோறு ஆக்கியது அம்மாதான். காலையில் பார்த்தால் கலயத்தில் அரிசி ஏறியிருக்கிறது. என் கைப்பிடி அவ்வளவு பெரிசில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

பூசம். நிலா வெளிச்சத்தில் தென்கடல் பக்கம் போய் ஊற்றுத் தோண்டிப் பார்த்தேன். குழாய் வருவதற்கு முன் அப்பத்தா என்னைக் கூட்டிப்போகும். மணலை ஒரு முழம் போலத் தோண்டிவிட்டு உட்கார்ந்திருக்கும். அடியில் தண்ணீர் கசிந்து கசிந்து கூடும், சிரட்டையால் மேலாக்கில் மோந்து குடத்தில் ஊற்றும், மறுபடி காத்திருக்கும். ஒரு குடத்துக்கு அரைமணி ஆகும். எனக்குப் பொறுக்காது, இன்னும் தோண்டு அப்பத்தா என்பேன். "ஆழத் தோண்டுனா உப்பு ஏறிரும்டி, இரு." குடம் நிறைந்ததும் சிரட்டையை ஊற்றுக் கரையிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு வரும், அடுத்து வருகிறவர்களுக்கு.

நான் தோண்டினது உப்பு. அவசரப்பட்டுவிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

ஒன்றுமில்லை. போன் இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

கலயம் நிறைந்துவிட்டது. யாருக்கு என்று அம்மாவிடம் கேட்டேன். அதே படகில் போன டிரைவர் வீட்டைச் சொன்னாள். மூன்று பிள்ளைகள், மூத்ததுக்கு எட்டு வயசு. அந்த ஆள் எல்லை தாண்டித்தான் தம்பி மாட்டினான் என்று மூன்று வாரமாகத் திட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

விளக்கு வைத்ததும் போனேன். அந்த அக்கா கதவைப் பாதி திறந்தாள். முகத்தைப் பார்க்காமல் கொட்டானோடு நீட்டினேன். "உள்ள வா" என்றாள். அப்பத்தா உள்ளே போகுமா போகாதா, தெரியவில்லை. போய் உட்கார்ந்தேன். கடுங்காப்பி கொடுத்தாள். சின்னது என் மடியிலேயே தூங்கிவிட்டது. தம்பி பேரை அங்கே ஒரு தடவைகூட நான் எடுக்கவில்லை, வெளியே வந்த பிறகுதான் அது நினைவு வந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

காலை 10.30. சம்மாட்டி போன் பிஸியாகவே இருக்கிறது. அம்மா உலை வைத்துவிட்டு அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.