உத்தரவு கையில், பூட்டு கதவில்

மாமியார் வீட்டில் நான் தங்கலாம் என்று குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட் இடைக்கால உத்தரவு போட்ட அன்று வக்கீல் அக்கா சிரிக்கவில்லை. "இனிமே இத நீதான் எல்லா எடத்துக்கும் தூக்கிட்டுப் போகணும் கண்ணு. ஒரு கோர்ட்ல போட்டது அடுத்த கோர்ட்டுக்குத் தானா தெரியாது" என்றார். கிடைத்த சந்தோஷத்தில் அது என் காதில் சரியாக விழவில்லை. அதற்குப் பிறகு குடும்ப நல நீதிமன்றம், சிவில் கோர்ட், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ், இரண்டு மாவட்டத்து ஸ்டேஷன்கள் என்று எல்லாப் படியும் ஏறிவிட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அம்மா வீடு தர்மபுரி மாவட்டம், மாமியார் வீடு கிருஷ்ணகிரி மாவட்டம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, பாதிக்கப்பட்டவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம். அதனால் அம்மா வீட்டுப் பக்கமே போட்டேன். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன், கிடைத்தது. இதுவரை சிக்கல் இல்லை.

கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் போயிருந்தேன். புகார் வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்துவிட்டு, என் கணவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து "சேர்ந்து வாழப் பாருங்க" என்று அனுப்பினார்கள். திரும்பத் திரும்பப் போன பிறகு எஃப்.ஐ.ஆர். ஆனது. கணவன் வீட்டார் கொடுமைக்கு முன்பு 498ஏ என்போமே, 2024 ஜூலையிலிருந்து அது பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 85. எஃப்.ஐ.ஆர். போட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். வராது. இந்தப் பிரிவில் பொதுவாக உடனே கைது கிடையாது, முதலில் நோட்டீஸ்தான். கிரிமினல் கேஸ் அவர் செய்ததற்குத் தண்டனை கேட்கிறது. "இனிமேல் கிட்டே வராதே", "வீட்டை விட்டுத் துரத்தாதே" என்று உத்தரவு வேண்டுமென்றால் குடும்ப வன்முறைச் சட்டத்தில் தனியாக மனு போட்டாக வேண்டும். இரண்டும் கூடவே நடக்கலாம், ஒன்று இன்னொன்றைத் தடுக்காது.

கோர்ட்டில் மனுவை ஏற்று நம்பர் கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்தச் சட்டத்துக்காக மாவட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் நடந்ததை எழுதித் தரும் குடும்ப நிகழ்வு அறிக்கை இல்லை என்று மனுவைத் திருப்பி ஒரு ரிட்டர்ன். அதைச் சரிசெய்து போட்டால், சம்பவம் நடந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டதே என்று மறுபடி ரிட்டர்ன். இரண்டுக்குமே உச்ச நீதிமன்றம் 2022-இல் பதில் சொல்லிவிட்டது. ஏப்ரலில் வந்த தீர்ப்பு, இந்த மனுவுக்கு ஒரு வருட வரம்பு பொருந்தாது என்கிறது. அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான்! மே மாதத் தீர்ப்பு, உத்தரவு போட அந்த அறிக்கை கட்டாயமில்லை என்கிறது. வக்கீல் அக்கா இரண்டு தீர்ப்பையும் பிரிண்ட் எடுத்து மனுவோடு தைத்துக் கொடுத்த பிறகுதான் நம்பர் விழுந்தது. மனு கிடைத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது.

அந்த வீட்டில் வாழ்ந்தேன் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். அதற்குள் ரேஷன் கார்டிலிருந்து என் பெயரை எடுத்திருந்தார்கள். பையனின் தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூடத்தில் கொடுத்த சான்று, பழைய ஆதார் எல்லாம் அந்த முகவரியில் இருந்ததால் பிழைத்தேன். வீட்டை விட்டு வரும் நிலைமையில் இருப்பவர்கள் நகையைத் தேடுவதற்கு முன்னால் இந்தக் காகிதங்களை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்பது ரொம்ப முக்கியம். 18-வது பிரிவில் பாதுகாப்பு உத்தரவு, 19-இல் குடியிருப்பு உத்தரவு, இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று சொல்லும் 31-வது பிரிவில் "பாதுகாப்பு உத்தரவு" என்ற பெயர்தான் இருக்கிறது. வெறும் குடியிருப்பு உத்தரவை எடுத்துக்கொண்டு போனால், அது வேறு இது வேறு என்று ஸ்டேஷனில் சட்டம் பேசுவார்கள். அப்புறம், எந்த ஸ்டேஷன் உதவ வேண்டும் என்று பெயரோடு எழுதச் சொல்லிக் கேளுங்கள். அப்படி உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு 19-லேயே அதிகாரம் உண்டு.

நகல் கதை தனி. 24-வது பிரிவுப்படி இரு தரப்புக்கும் அந்தப் பகுதி ஸ்டேஷனுக்கும் நகல் இலவசம். கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்காமல் "காப்பி அப்ளிகேஷன் போடும்மா, ஸ்டாம்ப் ஒட்டும்மா" என்றார். பிரிவைச் சொன்னேன். "அதெல்லாம் புக்குல இருக்கும்" என்றார். கடைசியில் ஓப்பன் கோர்ட்டில் வக்கீல் அக்கா எழுந்து சொல்லி, மாஜிஸ்திரேட் பெஞ்ச் கிளார்க்கைத் திரும்பிப் பார்த்தார். அன்று சாயங்காலமே முத்திரையோடு நகல் வந்துவிட்டது. நேரம் இல்லாதவர்கள் முதல் நாளே அப்படிச் சொல்லிவிடுவது நல்லது.

அந்த நகலோடு காவேரிப்பட்டணம் வழியாக கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினேன். வீட்டில் புதுப் பூட்டு. மாமனார் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டார். ஸ்டேஷனுக்குப் போனால், ரைட்டர் உத்தரவைப் புரட்டிவிட்டு "இது தர்மபுரி கோர்ட்டு ஆர்டர், எங்க லிமிட் இல்ல. அதுவும் சிவில் மேட்டர்" என்றார். 2004 வரை இரண்டும் ஒரே மாவட்டம்தான் ஐயா, இடையில் பாஸ்போர்ட் எப்போது வந்தது என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. 27-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவைக் கோடிட்டு வைத்திருந்தேன்: இந்தச் சட்டத்தின் கீழ் போடும் உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும். அதையும், 31-வது பிரிவில் வருவது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று சொல்லும் 32-ஐயும் காட்டினேன். "இன்ஸ்பெக்டர் வரட்டும்" என்றார். வரவில்லை. எங்கள் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் போனில் பேசி, அங்கிருக்கும் பாதுகாப்பு அலுவலரை வரவழைத்த பிறகுதான் ஒரு பெண் போலீஸை அனுப்பினார்கள். பூட்டைத் திறக்க அரை நிமிஷம் ஆகவில்லை. எனக்கும் பையனுக்கும் ஒரு ரூம், பொதுச் சமையலறை.

அதற்கு முன்னால் ஒரு பேரமும் நடந்தது. இவளுக்கு வேறு வாடகை வீடு பார்த்துக் கொடுக்கிறோம் என்று கோர்ட்டிலேயே சொன்னார்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது, ஆனால் அதே தரத்தில் இருக்க வேண்டும். அவர்கள் காட்டியது ஊருக்கு வெளியே சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை, பாத்ரூம் பின்னால் பொதுவில். போட்டோ எடுத்து ஃபைல் செய்தோம், பேச்சு அதோடு நின்றது.

இதற்கிடையில் அவர் விவாகரத்து கேட்டுக் குடும்ப நல நீதிமன்றத்தில் மனு போட்டிருந்தார். நான் என் இஷ்டத்துக்கு வீட்டை விட்டுப் போய்விட்டேனாம். மாஜிஸ்திரேட் உத்தரவைப் பற்றி அந்த மனுவில் ஒரு எழுத்து இல்லை. நம் பக்கத்திலிருந்து மெமோ போட்டு நகலை வைக்காவிட்டால் நீதிபதிக்கு எப்படித் தெரியும்? 26-வது பிரிவுப்படி இதே நிவாரணங்களைக் குடும்ப நல நீதிமன்றத்திலும், சிவில் கோர்ட்டிலும் கேட்கலாம். ஆனால் ஒரு இடத்தில் கிடைத்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொல்லியாக வேண்டும். ஜீவனாம்சத்துக்கும் இதே விதிதான். ஒரு கோர்ட் கொடுத்த தொகையை அடுத்த கோர்ட் கழித்துக்கொள்ளும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மறைத்தால் நம் பேச்சையே நம்பமாட்டார்கள்.

மூன்றாவது அடி மாமனாரிடமிருந்து. வீடு அவர் பேரில். நான் உள்ளே வரக்கூடாது என்று சிவில் கோர்ட்டில் தடை கேட்டு, அதுவும் மே மாத விடுமுறைக்கு முந்தின வாரம் தாக்கல் செய்தார். விடுமுறையில் சிவில் கோர்ட் மூடிவிடும், அதற்குள் தடை மட்டும் வாங்கிவிட்டால் கோடை முழுக்க என்னை வெளியே நிறுத்தலாம் என்ற கணக்கு. ஆனால் பூட்டு திறந்த வாரமே வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா அண்ணன் கேவியட் (முன்னெச்சரிக்கை மனு) போட்டு வைத்திருந்தார். 90 நாள் செல்லும், அதுவரை நம்மைக் கேட்காமல் தடை தர முடியாது. கூப்பிட்டார்கள், போனோம், உத்தரவைக் காட்டினோம். தடை கிடைக்கவில்லை. வீடு மாமனார் பேரில் இருந்தாலும் அது மருமகள் வாழ்ந்த, குடியிருக்க உரிமை கேட்கக்கூடிய "பகிர்ந்த இல்லம்" ஆகலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 2020 அக்டோபர் தீர்ப்பு இருக்கிறது. அதற்காக வீட்டில் எனக்குப் பங்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அவர் போட்ட கேஸ் அது பாட்டுக்கு நடக்கும். சட்டப்படி வெளியேற்ற முடியும், பூட்டுப் போட்டு முடியாது.

அதுவும் பலிக்காமல் மூத்த குடிமக்கள் சட்டத்தில் ஆர்.டி.ஓ.விடம் போனார். மருமகள் தொல்லை தாங்கவில்லை, காலி செய்யச் சொல்லுங்கள் என்று. அங்கே இருந்தவர்கள் வயதானவர் பக்கம் சாய்ந்துதான் பேசினார்கள், அதைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் பெங்களூருவிலிருந்து போன வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, மூத்த குடிமக்கள் சட்டத்தை வைத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் தரும் குடியிருப்பு உரிமையை அடித்துப்போட முடியாது என்று. தீர்ப்பும் உத்தரவு நகலும் கொடுத்து, வாங்கியதற்கு முத்திரை போட்டுக்கொண்டு வந்தேன். எங்கே எதைக் கொடுத்தாலும் அந்த முத்திரையை வாங்காமல் நகராதீர்கள். "கொடுத்துட்டுப் போம்மா, பாத்துக்கறோம்" என்பதை நம்பி நகர்ந்தால் அந்தக் காகிதம் எந்தக் கட்டில் போனதென்று யாருக்கும் தெரியாது.

இப்போது என் கணவர் மாஜிஸ்திரேட் உத்தரவை எதிர்த்து செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போட்டிருக்கிறார். 30 நாளுக்குள் போட அவருக்கு உரிமை உண்டு. உத்தரவை நிறுத்தி வைக்கும் ஸ்டே தரவில்லை, அதனால் உத்தரவு அப்படியே இருக்கிறது. "அப்பீல் போட்டாச்சு, ஆர்டர் செல்லாது" என்று மாமியார் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஸ்டே வாங்காத அப்பீல் உத்தரவை நிறுத்தாது, யார் வந்து மிரட்டினாலும் முதலில் "ஸ்டே ஆர்டர் எங்கே?" என்று கேளுங்கள். ராத்திரியில் பிரச்சினை என்றால் 181 அல்லது 112, வக்கீல் வேண்டுமென்றால் 15100. அடுத்த வாய்தா வெள்ளிக்கிழமை.