‘எல்லாரையும்’ என்று செபித்தபடி ஆயித்தியமலைக்கு

மட்டக்களப்பிலிருந்து ஆயித்தியமலை மாதா திருத்தலத்துக்கு நடந்த நாங்கள் வலையிறவுப் பாலத்தைக் கடந்தபோது விடிவதற்கு இன்னும் நேரமிருந்தது. வாவி இருபுறமும் இருண்டு கிடக்க, முன்னால் நடந்த பெண்கள் செபமாலையின் முதற்பத்தை முடித்து, ஒவ்வொரு பத்தின் இறுதியிலும் சொல்லும் அந்தச் சிறு செபத்துக்கு வந்திருந்தார்கள். நரக நெருப்பிலிருந்து எங்களை மீட்டருளும், எல்லாரையும் மோட்சப் பாதையில் நடத்தியருளும், உமது இரக்கம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குச் சிறப்பாக உதவிபுரியும். சிறு வயதிலிருந்து வாய்ப்பாடாகச் சொல்லிவந்த செபந்தான். இம்முறை ‘எல்லாரையும்’ என்ற இடத்தில் என் குரல் தடுக்கியது.

அம்மம்மா தை மாதத்தில் இறந்தார். அவர் சைவர், என் தாயார் திருமணத்தின்போது திருமுழுக்குப் பெற்றாரேயன்றி, அம்மம்மா கடைசிவரை திருநீறு பூசி, கண்ணகி அம்மன் சடங்குக்கு நேர்த்தி வைத்தே வாழ்ந்தார். செத்த வீட்டுக்கு உறவினர் ஒருவரோடு வந்திருந்த போதகர், துக்கம் விசாரிக்கும் தொனியிலேயே, இயேசுவை ஏற்காமல் போனவருக்கு இனிச் செய்வதற்கு எதுவுமில்லை என்று என்னிடம் சொன்னார். அவர் கெட்டவரல்லர், நம்பியதைச் சொன்னார். ஆனால், எட்டு மாதங்களாக அந்த வாக்கியம் செருப்புக்குள் அகப்பட்ட கல்லைப்போல என்னோடு நடந்துகொண்டிருந்தது.

வவுணதீவைத் தாண்டியதும் வெளிச்சம் வந்தது. சிறுபோக அறுவடை முடிந்த வயல்களில் ஒட்டு மட்டும் நின்றது. கச்சான் காற்று புழுதியை முகத்தில் அடித்தது. அம்மம்மாவின் வீடு இந்தத் தெருவில்தான். ஒவ்வொரு வருடமும் ஆயித்தியமலைத் திருவிழாவுக்கு நடப்பவர்களுக்காக வாசல் வேம்பின் கீழ் மண்பானை வைத்து, “குடிச்சிட்டுப் போ மனே, மாதா ஓடிப்போகமாட்டா” என்று எவரையும் மறிப்பார். இம்முறை வேம்பின் கீழே மாமி நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, கூட்டத்தின் மறுபக்கமாக, நிற்காமல் கடந்துவிட்டேன். அந்தப் பானையைப் பார்க்க எனக்குத் தைரியமிருக்கவில்லை.

இந்தக் கேள்வி இயேசுவிடமே கேட்கப்பட்டது. மீட்புப் பெறுவோர் சிலர்மட்டுந்தானா என்று ஒருவர் கேட்டதாக லூக்கா 13ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர் எண்ணிக்கை எதுவும் சொல்லாமல், இடுக்கமான வாயில் வழியாக நுழைய வருந்தி முயலுங்கள் என்று கேட்டவர் பக்கமே கேள்வியைத் திருப்பிவிடுகிறார். திருச்சபையிலோ இது நூற்றாண்டுகளாக ஓயவில்லை. இறுதியில் எல்லாரும் கடவுளிடம் திரும்புவர் என்று நான்காம் நூற்றாண்டு ஆயரான நீசா நகர்க் கிரகோரியார் எதிர்பார்த்தார். அத்தகைய இரக்கவான்களை மறுத்துப் புனித அகுஸ்தினார் நீளமாக எழுதினார். 1964இல், உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும் நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின்படி வாழ முயல்பவர்கள் மீட்படையக்கூடும் என்று தெளிவாகச் சொன்னது. நரகம் உண்டு என்று கற்பிக்கும் அதே திருச்சபை, கடவுள் எவரையும் நரகத்துக்கென முன்குறிப்பதில்லை என்றும் கற்பிக்கிறது. புனிதர்களின் பெயர்ப்பட்டியல் நம்மிடம் உண்டு. நரகத்திலிருப்போர் இன்னார் என்று திருச்சபை ஒருபோதும் பட்டியல் எழுதியதில்லை. அம்மம்மாவுக்கு இது போதும் என்றே நினைத்தேன்.

ஆனால், செபத்தின் கடைசி வரி விடவில்லை. இரக்கம் அதிகம் தேவைப்படுபவர் யார்? 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று எங்கள் நகரின் சீயோன் ஆலயத்தில் குண்டை வெடிக்கவைத்தவனும் அந்த ‘எல்லாரையும்’ என்பதற்குள் வருவானா? அன்று அங்கே செத்தவர்களில் பலர் சிறுவர்கள். அம்மம்மாவுக்காக அகலத் திறக்கச் சொன்ன கதவை அவனுக்காக நான் இழுத்துச் சாத்திக்கொண்டு நின்றதை, கரையான் புற்றுகள் நிறைந்த அந்தத் தெருவில்தான் கண்டேன். 2007இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ற் எழுதிய சுற்றுமடலில், நித்திய விருந்தில் கொடுமை செய்தவன் எதுவுமே நடவாததுபோலத் தன்னால் பலியானவரின் அருகே அமர்வதில்லை, அருள் நீதியை அழிப்பதில்லை என்று ஓரிடம் வருகிறது. நரகம் என்ற சொல் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கு யார் பதில் சொல்வது? இருந்தும் செபம் அவனை விலக்கவில்லை. அது 1917இல், போர்த்துக்கலின் பாத்திமாவில் மாதாவால் சிறுவர் மூவருக்கு நரகக் காட்சி காட்டப்பட்ட நாளிலேயே கற்பிக்கப்பட்ட செபம் என்பதை நினைக்கும்போது, நெருப்பைப் பார்த்த கண்களாலேயே ‘எல்லாரையும்’ என்று கேட்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

திருத்தலத்தை அடைந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சதா சகாய அன்னையின் படத்தில், பாடுகளின் கருவிகளை ஏந்திய வானதூதர்களைக் கண்டு அஞ்சி ஓடிவந்த குழந்தை இயேசுவின் காலில் ஒரு பாதரட்சை கழன்று தொங்குகிறது. தீர்ப்பிட வருபவர் என்று நாம் அறிக்கையிடுபவரும் பயந்த பிள்ளையாகத் தாயின் கையைப் பற்றியிருக்கிறார். அதன்முன் வெகுநேரம் நின்றேன்.

மாலையில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்று, என் பாவங்களைவிட அம்மம்மாவைப் பற்றியே அதிகம் சொன்னேன். வயதான சுவாமியார் இடைமறிக்காமல் கேட்டார். “மத்தேயு 25ஐ நரகத்துக்காக மட்டும் வாசிக்காதீங்கோ தம்பி. தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தவர்களை வலப்பக்கமும் கொடாதவர்களை இடப்பக்கமும் நிறுத்தித் தீர்ப்பிடுகிற இடம் அது. ‘எப்பொழுது உம்மைத் தாகமுள்ளவராகக் கண்டோம்’ என்று வலப்பக்கம் நிற்கிறவர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்கும் தெரியாது” என்றார். பின்னர், என் பாவங்களுக்கு வருமாறு நினைவூட்டினார். அதே கேள்வியை இடப்பக்கம் நிற்பவர்களும் கேட்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. காலையில் தலைகுனிந்து கடந்த வேம்படியைச் சொன்னேன்.

ஞாயிறு திருப்பலி முடிந்து திரும்பும்போது, அந்த வாசலில் ஆட்டோவை நிறுத்தினேன். மாமி எதுவும் கேட்கவில்லை. “ரெண்டு நாளாக் கால் கடுக்குது மனே, நீ கொஞ்ச நேரம் ஊத்து” என்று அகப்பையை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார். பானை பாதி காலியாக இருந்தது. கிணற்றில் அள்ளி நிரப்பினேன். நடந்து திரும்பிய கூட்டமொன்று வந்து நின்றது. அதிலொரு சிறுவன் செம்பை வாங்கிக் குடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று நீட்டினான்.