புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம்

மும்பை மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் முப்பத்துநான்கு வருடம் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவன் நான். கணக்கு ஒரு ரூபாய் உதைத்தாலும் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போகமாட்டோம். அந்தப் பழக்கம் ஓய்வுபெற்ற பிறகு இப்படி ஓர் இடத்தில் கைகொடுக்கும் என்று நினைக்கவில்லை.

2021 ஆகஸ்டில், 63 வயதில், புற்றுநோய் வந்த என் புரோஸ்டேட் சுரப்பியை ரோபோ அறுவையில் முழுதாக எடுத்தார்கள். அதற்கு முன் ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) 11.4. அறுவை, கதீட்டர், டயபர் கதையெல்லாம் நிறையப் பேர் சொல்லியாயிற்று. எடுத்த பிறகு, திரும்ப வருமா வராதா என்று எண்களை வைத்து ஊகிக்கும் காலம் ஒன்று இருக்கிறது. எனக்கு அது மூன்றரை வருடம்.

ரத்தத்தில் உள்ள பி.எஸ்.ஏ. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாகும். அதைச் சுரக்கும் உறுப்பே போய்விட்டதால் ஆறு, எட்டு வாரத்தில் கருவிக்கே எட்டாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். எனக்கு ஏழாவது வாரம் 0.01க்குக் கீழே என்று வந்தது. மனைவி அன்று சாயங்காலமே திருச்செம்பூர் முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

ஆனால் வெட்டி எடுத்த திசுவைப் பார்த்து எழுதிய பெத்தாலஜி அறிக்கை வேறு பாட்டுப் பாடியது. கட்டி சுரப்பியின் உறையைத் தாண்டியிருந்தது. வெட்டிய ஓரத்தில், அதாவது மார்ஜினில், புற்றுச் செல்கள் இருந்தன. விந்துப்பையிலும் நிணநீர்க் கணுக்களிலும் இல்லை. புற்று எவ்வளவு மூர்க்கம் என்று சொல்லும் கிளீசன் மதிப்பெண் 3+4. மார்ஜினில் எத்தனை மில்லிமீட்டர், அங்கே இருந்தது எந்த வகைச் செல் என்று ஒரு வரிகூட இல்லை. அறுவை நடந்த தனியார் மருத்துவமனையில் போய்க் கேட்டேன். "பாசிட்டிவ்னா பாசிட்டிவ்தான் சார்" என்றார்கள். விவரம் இல்லாத வவுச்சரை நாங்கள் திருப்பி அனுப்புவோம். இங்கே யாரிடம் திருப்பி அனுப்புவது?

இன்னொரு கண் பார்க்கட்டும் என்று பரேல் டாடா மருத்துவமனைக்குப் போனேன். கண்ணாடி ஸ்லைடு மட்டும் போதாது, திசுவை மெழுகில் புதைத்து வைத்திருக்கும் பாராஃபின் பிளாக்கும் வேண்டும் என்றார்கள். அந்த பிளாக்குகளை வாங்கத்தான் நான் அதிகம் அலைந்தேன். முதல் தடவை ஸ்லைடு மட்டும் கொடுத்தார்கள். இரண்டாம் தடவை பிளாக் கொடுத்தார்கள், ஆனால் கட்டி இருந்த பகுதியினுடையது இல்லை. மூன்றாம் தடவை அறிக்கையில் உள்ள பிளாக் எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு போய், ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அறுவை செய்துகொண்ட எவரும் அந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். திசு உங்களுடையது, ஆனால் அது எங்கே எந்த அலமாரியில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

மறுபரிசீலனையில் கிளீசன் 4+3 ஆனது. கூட்டினால் இரண்டும் ஏழுதானே என்று எனக்குத் தோன்றியது. அங்கே இருந்த இளம் டாக்டரம்மா நாகர்கோவில்காரர், "இல்ல அங்கிள், முதல்ல வர்ற நம்பர்தான் பெரும்பான்மை" என்று விளக்கினார். 3+4இல் சாதுவான வகை அதிகம், 4+3இல் மூர்க்கமான வகை அதிகம். மார்ஜினில் இரண்டு மில்லிமீட்டர், அதுவும் சாதுவான 3ஆம் வகை. அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு அலைச்சல்.

பிறகு, அறுவைக்குப் பின் புற்று திரும்பும் ஆபத்தைக் கணிக்கும் கேப்ரா-எஸ் என்ற மதிப்பெண்ணை என் கண் முன்னாலேயே போட்டுக் காட்டினார். அறுவைக்கு முந்தைய பி.எஸ்.ஏ. 10க்கு மேல், 20க்குள்: 2. கிளீசன் 4+3: 2. மார்ஜின்: 2. உறை தாண்டியது: 1. மொத்தம் 12க்கு 7. ஆறும் அதற்கு மேலும் அதிக ஆபத்து. கணக்குப்பிள்ளைக்குப் புரியும் பாஷை அது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

கேள்வி இதுதான்: பி.எஸ்.ஏ. பூச்சியமாக இருக்கும்போதே முன்னெச்சரிக்கையாக ரேடியேஷன் கொடுப்பதா, ஏறினால் கொடுப்பதா? 2020இல் லான்செட் இதழில் வந்த ராடிகல்ஸ் ஆய்வை டாக்டரம்மா சொன்னார். 1396 பேரில் பாதிப் பேருக்கு உடனே கொடுத்தார்கள், மீதிப் பேரைக் கண்காணித்து ஏறினால் கொடுத்தார்கள். ஐந்து வருடத்தில் பி.எஸ்.ஏ. ஏறாமல் இருந்தவர்கள் உடனே கொடுத்ததில் 85 சதவீதம், காத்திருந்ததில் 88 சதவீதம். காத்திருந்ததால் நஷ்டம் தெரியவில்லை, சிறுநீர்த் தொல்லையும் குறைவு. ஆனால் என்னைப் போல 7 மதிப்பெண் உள்ளவருக்கும் அப்படியே பொருந்துமா என்பதில் அவரே கொஞ்சம் இழுத்தார்.

ஹைதராபாதில் இருக்கும் மகள் டெசிஃபர் என்ற ஜீன் சோதனையைப் பிடித்துக்கொண்டாள். மெழுகுத் திசுவில் 22 ஜீன்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று பார்த்து, 0 முதல் 1 வரை ஒரு எண் தருவார்கள். திசு அமெரிக்காவுக்கு, சான் டியாகோவுக்குப் போக வேண்டும். கட்டணத்தைக் கேட்டதும் நான் வேண்டாம் என்றேன். "அப்பா, உங்க ரிப்போர்ட்டுலயே உதைக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள். அதற்கு மேல் பேச முடியவில்லை. பணமும் அவளுடையது. முடிவு 0.38. 0.45க்குக் கீழே இருந்தால் குறைந்த ஆபத்து. ஒரு தாள் அதிகம் என்றது, இன்னொரு தாள் குறைவு என்றது. காத்திருக்க முடிவு செய்தோம்.

அப்புறம் ரத்தப் பரிசோதனைகள். 2022 ஜனவரியிலும் 0.01க்குக் கீழேதான். ஜூலையில் 0.04. அக்டோபரில் வீட்டுக்குப் பக்கத்து லேப்பில் சலுகை விலை என்று கொடுத்ததில் 0.1க்குக் கீழே என்று வந்தது. இறங்கிவிட்டதாக நினைத்து மைசூர்பாகு வாங்கினேன். அந்தக் கருவி 0.1க்குக் கீழே எதையும் எண்ணாது என்பது பிறகுதான் தெரிந்தது. 0.04ம் அதற்கு ஒன்றுதான், 0.09ம் ஒன்றுதான். அன்றிலிருந்து ஒரே லேப், ஒரே கருவி.

இன்னொன்று. டாக்டரம்மா என் மாத்திரைகளையெல்லாம் கேட்டபோது, முடி கொட்டுவதற்கு மனைவியோடு சேர்ந்து நானும் போட்டுக்கொண்டிருந்த பயோட்டின் என்ற வைட்டமினைச் சொல்ல வெட்கப்பட்டேன். (தலையில் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்காதீர்கள்.) நல்லவேளை, மனைவி போட்டு உடைத்தாள். அதிக அளவு பயோட்டின் சில கருவிகளில் பி.எஸ்.ஏ.வைப் பொய்யாகக் குறைத்துக் காட்டுமாம். நிறுத்தினேன்.

2023 ஜனவரியில் 0.06. ஆறு மாதத்துக்கு ஒரு முறை 0.08, 0.11, 0.15. 2025 ஜனவரியில் 0.20, அடுத்த மாதம் 0.21. 0.2ஐத் தொட்டு, இன்னொரு பரிசோதனையும் அதை உறுதி செய்தால் திரும்பி வந்ததாகக் கணக்கு. என் கணக்கில் பி.எஸ்.ஏ. இரட்டிப்பாக ஏறத்தாழ பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டது. டாக்டரம்மா போட்டதும் அதேதான். மெதுவாக இரட்டித்தால் நல்லதுக்கு அடையாளம் என்றார். 1999இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வெளியிட்ட ஆய்வில், பி.எஸ்.ஏ. ஏறியும் சிகிச்சை கொடுக்காமல் கவனித்தவர்களில் பாதிப் பேருக்கு வேறிடத்தில் புற்று தெரிய எட்டு வருடம் ஆகியிருந்தது.

எனக்கு அப்போது கோபம் டெசிஃபர் மேல். குறைந்த ஆபத்து என்றதே, பிறகு ஏன் வந்தது? மகளிடம் கத்தக்கூடக் கத்திவிட்டேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: அந்தச் சோதனையை உருவாக்கியபோது அவர்கள் கேட்ட கேள்வி, புற்று உடம்பில் வேறிடத்துக்குப் பரவுமா என்பது. பி.எஸ்.ஏ. ஏறுமா என்பதற்கு கேப்ரா-எஸ் பதில் சொல்லியிருந்தது, சரியாகவே. நான் ஒரு பேரேட்டின் கேள்வியை இன்னொரு பேரேட்டில் தேடியிருக்கிறேன்.

புற்று எங்கே இருக்கிறது என்று தேடும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. 0.2 அளவில் பலருக்கும் தெரியாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதற்காக ஊசியில் ஏற்றும் கதிரியக்கக் காலியம் 68 நிமிடத்தில் பாதியாகிவிடும், நேரத்துக்கு வரவேண்டும் என்று கண்டிப்பு. சயான் பாலத்தை மூடியிருந்த காலம் அது, செம்பூரிலிருந்து டாக்சியில் போனால் எப்போது போய்ச் சேருவோம் என்று யாருக்கும் தெரியாது. ஹார்பர் லைன் பிடித்து குர்லாவில் மாறிப் போனோம்.

ரேடியேஷன் முடிவானது. கூடவே ஹார்மோன் மருந்து வேண்டுமா என்ற இடத்தில்தான் டெசிஃபரின் அந்த 0.38 வேலைக்கு வந்தது. ரேடியேஷனோடு இரண்டு வருடம் பைகலூட்டமைடு என்ற ஹார்மோன் மருந்து கொடுத்த பழைய ஆய்வின் திசுக்களை இதே ஜீன் சோதனையில் ஓட்டிப் பார்த்து 2021இல் வெளியிட்டிருக்கிறார்கள். மதிப்பெண் குறைந்தவர்களுக்கு மருந்தால் கிடைத்த பலன் குறைவு. என் பி.எஸ்.ஏ.வும் குறைவு. மார்பு வீங்குவது, களைப்பு எல்லாம் வேண்டாம் என்று ரேடியேஷன் மட்டும் எடுத்துக்கொண்டேன். மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லப்பா, பில்ல மட்டும் பத்திரமா வைங்க" என்றாள்.

33 நாள். தினமும் அரை லிட்டர் தண்ணீர் குடித்து, மூத்திரப்பையை நிரப்பிக்கொண்டு படுக்க வேண்டும். புரோஸ்டேட் எடுத்தவனிடம் அடக்கிக்கொள் என்று சொல்வது எத்தனை பெரிய சோதனை என்று அந்த மெஷினைக் கண்டுபிடித்தவர்களுக்குத் தெரியாது. இரண்டு நாள் மேஜையிலேயே தோற்றேன். டெக்னீஷியன் பையன் ஒன்றும் சொல்லாமல் துணி மாற்றிக் கொடுத்தான்.

இந்தத் தடவை பி.எஸ்.ஏ. உடனே விழாது, மாதக்கணக்கில் இறங்கும் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து 0.09. அதற்கடுத்தது 0.03. மனைவி பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறாள். அக்டோபர் 2022 வரியை மட்டும் சிவப்பில் அடித்து, பக்கத்தில் "வேறு லேப்" என்று நான் குறிப்பு எழுதியிருக்கிறேன்.