டிக், டொக்

அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் ஹார்ட்னெஸ், அதாவது உலோகத்தின் கடினத்தன்மை பார்க்கும் வேலைக்குப் போன புதிது. கையில் லீப் முறை புரோப், 'டி' வகை. 1975-ல் சுவிட்சர்லாந்தில் உருவான உத்தி. உள்ளே 5.5 கிராம் எடையில் ஒரு குட்டிச் சுத்தி, அதன் நுனியில் 3 மி.மீ. டங்ஸ்டன் கார்பைடு குண்டு. பொத்தானை அழுத்தினால் இரும்பில் மோதி எகிறும். எகிறும் வேகத்தை மோதும் வேகத்தால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் ரீடிங். கடினத்தன்மைக்கான வழக்கமான அளவுகோலான பிரினெல் எண்ணாகவும் கருவியே மாற்றித் தந்துவிடும். யோசிக்கவே வேண்டாம், என்னைக் கெடுத்தது அதுதான்.

முதன்மை நீராவிக் குழாயில் அதிக வெப்பம் தாங்கும் பி91 எஃகு, சுவர் 40 மி.மீ.க்கு மேல். 205, 212, 208 என்று வந்தது. மறுநாள் அதே எஃகில் 60 மி.மீ. விட்டமுள்ள வடிகால் குழாய். 158, 161, 149. எங்களுக்குக் கீழ் வரம்பு 190.

மேல்தோலில் கார்பன் போய் மென்மையாகியிருக்கும் என்று நினைத்து, இன்னும் அரை மில்லிமீட்டர் தேய்க்கச் சொன்னேன். தேய்த்தும் எண் ஏறவில்லை. கிரைண்டிங் அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், நேத்து 'டிக்'குனு கேட்டுச்சு. இதுல 'டொக்'குங்குது."

நான் காதில் வாங்கவில்லை. நிராகரிப்பு அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் குழாயின் சுவர் 9 மி.மீ. கூட இல்லை. 'டி' புரோப்புக்கு 25 மி.மீ.யாவது வேண்டும், இல்லாவிட்டால் அடிபடும் சுவரே அதிர்ந்து மோதலின் சக்தியைத் தின்றுவிடும். சுத்தி சோம்பலாகத் திரும்பும், கருவி அதை மென்மை என்று படிக்கும். கையேட்டில் இருக்கிறது. எந்தத் திசையில் பிடித்தால் எவ்வளவு திருத்தம் என்ற பக்கத்தை மனப்பாடமாக வைத்திருந்த நான், இந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

இரண்டு நாள் கழித்து மூத்த பொறியாளர் அல்ட்ராசோனிக் புரோப் கொண்டுவந்தார். அதில் மோதலே கிடையாது. அதிரும் கம்பியின் முனையிலுள்ள வைரத்தை அழுத்தி, அதிர்வெண் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கும். 209 வந்தது.

அதற்குள் ஒரு வெல்டு இணைப்பை வெட்டிவிட்டார்கள். வெட்டிய துண்டை ஆய்வகத்தின் மேசைக் கருவியில் வைத்தார்கள். 211.

மறுவெல்டும் சூடேற்றலும் முடிந்தபின் அதே அண்ணன்தான் மேற்பரப்பைத் தேய்த்துக் கொடுத்தார். முகமூடியைத் தூக்கிவிட்டு, "இன்னைக்கு எந்த புரோப்பு சார்?" என்று மட்டும் கேட்டார்.