மேல்மாடிக்கு விட்ட கம்பி

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் எட்டுத் தூண்களின் தலையில் இன்றைக்கும் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. 2003இல், யுத்தம் ஓய்ந்திருந்த காலத்தில், அப்பா தன் கையாலேயே கட்டிய வீடு அது. அவர் மேசன். மேல்மாடி எனக்கும் தங்கைக்கும் என்று சொல்லித்தான் கம்பி விட்டார். தங்கை இப்போது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறாள். மேல்மாடி எழும்பவேயில்லை. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் மாரி தொடங்குமுன் அப்பா ஏணி வைத்து ஏறி, அந்தக் கம்பிகளுக்குச் சீமெந்துப் பால் பூசிவிட்டு இறங்குவார். "விட்ட கம்பி துருப்பிடித்தால் பிறகு அதன்மேல் ஒன்றும் எழுப்ப முடியாது, பிள்ளை" என்பார்.

சென்ற வருடம் என் தோல் சிகிச்சை நிலையத்துக்கு லேசர் கருவி வாங்கியபோது இந்தக் கம்பிகள்தான் என் மனதில் நின்றன. பிறகு கூட்டிக்கொள்ளக்கூடிய கருவி என்று விற்பார்கள். ஒரு தாய்க் கருவி. மின்சாரம், குளிரூட்டி, திரை எல்லாம் அதற்குள். தோலில் வைத்து ஒளி பாய்ச்சும் ஹேண்ட்பீஸ் மட்டும் இன்றைக்கு ஒன்று, வசதி வந்ததும் இன்னொன்று. வவுனியாவிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இளம் வைத்தியர்கள் சிலர் இதுபற்றித் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லி அலுத்ததால் அல்ல, ஒருவருக்கும் முழுதாகச் சொல்ல முடியாமல் போனதால் எழுதுகிறேன்.

முதலில் என் தவறு. 2017இல் நான் வாங்கிய முதல் கருவி லேசரே அல்ல. ஐபிஎல் எனப்படும் ஒளித்துடிப்புக் கருவி. லேசர் ஒரே அலைநீளத்தில் ஒளி தரும். ஐபிஎல், ஏறத்தாழ 500 முதல் 1200 நானோமீட்டர் வரை கலந்த ஒளியை வடிகட்டி வைத்துப் பாய்ச்சும். வேறொருவர் பாவித்த கருவி, குறைந்த விலை. "எல்லாத் தோலுக்கும் பொருந்தும், தோல் வகையைத் திரையில் தெரிவுசெய்தால் போதும்" என்று விற்றவர் சொன்னார். நான் நம்பினேன். ஒரு மாதம் கழித்து இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருவர் வந்தார். பிசிஓஎஸ் என்ற ஹோர்மோன் கோளாறு காரணமாகத் தாடையில் முடி. திருமணம் நிச்சயமாகியிருந்தது. திரை சொன்ன அளவையே வைத்தேன். இரண்டாம் நாள் அவர் முகத்தில் கருவியின் கண்ணாடி முனை பதிந்த இடமெல்லாம் நீள்சதுரங்களாகக் கறுத்திருந்தது. அது மங்க ஐந்து மாதங்கள் சென்றன. அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் தாவணித் தலைப்பால் தாடையை மறைத்தபடி வந்து, விளக்கின் கீழ் அமர்ந்து, "கொஞ்சம் குறைந்திருக்கிறதா, டொக்டர்?" என்று கேட்பார். அந்தக் கருவியை அதன்பின் நான் முகத்துக்குத் தொட்டதில்லை.

நடந்தது என்னவென்று விளங்குவதற்குப் பெரிய பௌதிகம் தேவையில்லை. 1983இல் பொஸ்டனில் ரொக்ஸ் அன்டர்சனும் ஜோன் பரிஷும் எழுதிய கட்டுரையில் இருந்துதான் இன்றைய தோல் லேசர் சிகிச்சை பெரும்பாலும் கிளைத்தது. அதன் சாரம் இவ்வளவுதான். ஒளி எதை எரிக்க வேண்டுமோ அது மட்டும் உறிஞ்சும் அலைநீளத்தைத் தெரிவுசெய். அந்தப் பொருள் ஆறுவதற்குள் துடிப்பை நிறுத்து. முடியை எரிக்க வேண்டுமென்றால் இலக்கு மெலனின், அதாவது முடிக்கு நிறம் தரும் பொருள். எங்கள் தோலின் மேற்பரப்பிலும் அதே மெலனின்தான் நிறைந்திருக்கிறது. ஒளிக்கு முடி எது, தோல் எது என்று தெரியாது. முடிக்குப் பாவிக்கும் லேசர்களில் அலைநீளம் கூடக்கூட மெலனின் உறிஞ்சுவது குறையும், ஒளி ஆழமாகப் போகும். 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் லேசர் வெள்ளைத் தோலுக்கு அருமையானது. 808, 810 அளவிலுள்ள டயோட் நடுவே நிற்கிறது. 1064 நானோமீட்டர் என்டி யாக் மேல்தோலை அதிகம் சுடாமல் வேரை எட்டுகிறது. தோலை வெள்ளை முதல் கறுப்பு வரை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பட்ரிக் அளவுகோலில் யாழ்ப்பாணத்தார் பெரும்பாலும் நான்கு, ஐந்து. சிலர் ஆறு. வயலிலும் கடலிலும் நிற்பவர்கள் வெயிலில் இன்னும் கறுத்திருப்பார்கள். ஆகவே எங்கள் ஊரில் அத்திவாரம் 1064தான். அது கொஞ்சம் கூடுதலாக வலிக்கும், மெல்லிய முடியில் பலன் குறைவு. இரண்டையும் முன்னரே சொல்லிவிடுகிறேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, இரண்டு இளம் வைத்தியர்கள் அதில் விழுந்ததைப் பார்த்தேன். 1064 என்று விலைப்பட்டியலில் எழுதியிருந்தால் போதாது. அதே 1064, துடிப்பு நானோவினாடியில் இருந்தால் பச்சை குத்தியதை அழிக்கவும் நிறப் புள்ளிகளுக்கும் உதவும் கியூ ஸ்விட்ச் கருவி. துடிப்பு மில்லிவினாடியில் இருந்தால்தான் முடியின் வேருக்கு. இரண்டும் ஒரே அலைநீளம், இரண்டு வேறு வேலைகள். முன்னையது மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கி வைத்துக்கொண்டு "முடி போகவில்லையே" என்று கேட்பவரிடம் என்ன பதில் சொல்ல முடியும்?

இனி, கூட்டிக்கொள்வது என்ற பேச்சு. விற்பவர் வாயில் அது ஒரு சொல். உள்ளே மூன்று வேறு பொருள்கள். சில கருவிகளில் லேசர் படிகமே ஹேண்ட்பீஸுக்குள் இருக்கும். தாய்க் கருவி அதற்கு மின்சாரமும் குளிர்ந்த நீரும் கொடுக்கும், அவ்வளவுதான். புதிய ஹேண்ட்பீஸைக் கொண்டுவந்து செருகினால் வேலை முடிந்தது. சிலவற்றில் தாய்க் கருவியின் வயிற்றைத் திறந்து புதிய லேசர் பெட்டியை உள்ளே பொருத்த வேண்டும். அதற்குப் பொறியியலாளர் வரவேண்டும், ஒளிப்பாதையைச் சரிபார்க்க வேண்டும். இன்னும் சிலவற்றில் எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கும், மென்பொருளால் பூட்டியிருப்பார்கள். பணம் கட்டினால் பூட்டைத் திறப்பார்கள். மூன்றையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் எது என்று கேட்காமல் கையொப்பமிடக் கூடாது. முதல் வகையில் ஹேண்ட்பீஸ் கீழே விழுந்தால் லேசரே போய்விடும். கடைசி வகையில், இன்னும் பாவிக்காத பொருளுக்கு முதல் நாளே ஒரு பங்கு விலை கொடுத்திருப்பீர்கள்.

கூட்டிக்கொள்ளும் வசதி ஒரு வகையில் கட்டிப்போடுவதும்கூட. தாய்க் கருவி தன் நிறுவனத்து ஹேண்ட்பீஸை மட்டுமே அடையாளம் காணும். ஐபிஎல் போன்ற விளக்குள்ள ஹேண்ட்பீஸில் ஒளித்துடிப்புகளின் எண்ணிக்கையைக் கருவி எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணிக்கை தீர்ந்துவிட்டால் அவர்களிடமேதான் போகவேண்டும். பத்து ஹேண்ட்பீஸ் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் சிகிச்சை. தாய்க் கருவி படுத்துவிட்டால் பத்தும் படுத்துவிடும். இரண்டு அறைகளில் இரண்டு வைத்தியர்கள் வேலை செய்யும் இடத்துக்குத் தனித்தனிக் கருவிகள்தான் சரி. நான் ஒருத்தி, ஓர் அறை, ஒரு தாதி. எனக்கு இது பொருந்தியது.

பிறகுதான் சீமெந்துப் பால். பேச்சுவார்த்தையில் நான் அதிகம் பிடிவாதம் பிடித்தது கருவியின் விலைக்காக அல்ல. தாய்க் கருவியில் இன்னும் ஒன்றும் செருகாமல் இருக்கும் வெற்றுத் துவாரத்துக்குப் பின்னாளில் வரப்போகும் ஹேண்ட்பீஸின் விலைக்காக. அதை டொலரில் நிர்ணயித்து, இரண்டு வருடங்களுக்கு மாறாது என்று எழுதி வாங்கினேன். இந்த மாதிரியை நிறுத்தினாலும் எத்தனை வருடம் உதிரிப்பாகம் தருவீர்கள் என்பதையும் எழுதி வாங்கினேன். ரூபாயில் எழுதித் தர அவர்கள் சம்மதிக்கவில்லை, அதில் அவர்களைப் பிழை சொல்ல முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. அந்த வருடம் நான் ஒரு கருவிக்கு முற்பணம் கட்ட இருந்தேன். வங்கிக் கடிதம் பத்து நாள் தாமதித்ததால் தப்பினேன். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பதிவுச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். தாய்க் கருவிக்கு மட்டுமா, பின்னர் வரும் ஹேண்ட்பீஸும் அதில் அடங்குமா என்று பாருங்கள். நான் கேட்டபோது விற்பனைப் பிரதிநிதி ஒரு கிழமை கழித்தே பதில் சொன்னார். அந்த ஒரு கிழமை காத்திருந்தது வீண்போகவில்லை.

கொழும்பில் இருப்பவர்களுக்குத் தெரியாத இரண்டு விடயங்கள் இங்கே உண்டு. ஒன்று தண்ணீர். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல். கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்தலின் அடியில் படியும் வெள்ளையை யாழ்ப்பாணத்தில் அறியாதவர் யார்? அந்தப் படிவு லேசரின் குளிரூட்டிக் குழாயில் பிடித்தால் கருவி சூடேறி நின்றுவிடும். காய்ச்சி வடித்த, கரைந்த உப்புகள் நீக்கிய நீர்தான் ஊற்ற வேண்டும். தாதியிடம் கலனைப் பூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மற்றது தூரம். பொறியியலாளர் கொழும்பிலிருந்து வரவேண்டும், ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பழுது என்று அறிவித்து எத்தனை மணித்தியாலத்தில் ஆள் நிற்பார் என்பதை ஒப்பந்தத்தில் எண்ணாகவே எழுதச் சொன்னேன்: 72. மின்சாரம் இப்போது பரவாயில்லை. ஆனால் ஒரு நாளில் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த 2022ஐ மறக்க முடியாது. கருவிக்கென்று தனி மின்னிணைப்பு, நல்ல எர்த், மின்னழுத்தம் ஏறி இறங்காமல் காக்கும் கருவி என்று இதற்கே நான்கு இலட்சம் ஆனது. விலைப்பட்டியலில் இது இராது.

கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. தாய்க் கருவியும் 1064 ஹேண்ட்பீஸும் ஒரு கோடி 28 இலட்சம். 38 என் சேமிப்பு, 90 வங்கிக் கடன். ஐந்து வருடம், மாதம் 2 இலட்சத்து 5 ஆயிரம். சேவை ஒப்பந்தம் வருடத்துக்கு 8 இலட்சம், அதாவது மாதத்துக்கு 67 ஆயிரம். ஒரு தடவைச் சிகிச்சையில் செலவு போக என் கையில் மிஞ்சுவது சராசரி 6 ஆயிரம். அப்படியானால் கருவி தன் வயிற்றைக் கழுவவே மாதம் 46 தடவைகள் வேண்டும். அறை வாடகையும் தாதியின் சம்பளமும் அதற்கு வெளியே. கையொப்பமிடுமுன் என் பழைய பதிவேட்டை எடுத்து, முடிப் பிரச்சினைக்காக வந்து நான் திருப்பி அனுப்பியவர்களை எண்ணினேன். மாதம் இருபத்தைந்து பேருக்குக் குறையவில்லை. ஒவ்வொருவருக்கும் நான்கு முதல் ஆறு கிழமை இடைவெளியில் ஆறு, எட்டுத் தடவைகள். அந்தப் பதிவேடுதான் எனக்குத் துணிவு தந்தது.

ஆடி ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வருபவர்களை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மூன்று கிழமையில் திரும்பிவிடுவார்கள். ஒரு தடவை செய்து அனுப்புவது அவர்களுக்கும் பலனில்லை, எனக்கும் மனம் ஒப்பாது. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் ஊரே வெயிலில் நிற்கும். வெயிலில் கறுத்த தோலில் லேசர் அடிப்பது 2017ஐ மறுபடி அழைப்பது. கொடியேறுமுன் சில கிழமைகளிலிருந்தே அப்பாயின்ட்மென்ட் குறைத்துக்கொள்கிறேன். பிரதட்டை செய்யும் ஆண்களுக்கு முதுகுக்கும் நெஞ்சுக்கும் திருவிழா முடிந்து, தோல் நிறம் தெளிந்த பின்புதான். வருடத்துக்குப் பத்து மாத வருமானம் என்றே தவணையைத் திட்டமிட்டேன்.

வெற்றுத் துவாரத்துக்கு என்ன போடுவது? பிரதிநிதி வரும்போதெல்லாம் முகப் பொலிவுக்கான ஹேண்ட்பீஸைக் காட்டுகிறார். திருமணப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள் என்கிறார். நிற்கக்கூடும். ஆனால் என் கதவைத் தட்டுபவர்கள் வேறு. புறங்கையில் எரிகாயத் தழும்பு இறுகி விரல் மடக்க முடியாத ஒருவர் சென்ற தையில் வந்தார். யுத்தம் முடிந்த 2009இல் அவருக்கு வயது பதினாறு. கன்னத்தில் எறிகணைத் துண்டு கீறிய தடத்துடன் ஓர் ஆசிரியை. எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்த பிள்ளைகள். ஆழமான பருத் தழும்புக்காக வேலைக்கு நேர்முகம் போகக் கூசுபவர்கள். தழும்புக்குப் பெயர்போன கார்பன் டையொக்சைட் லேசர் 10,600 நானோமீட்டர். வாயுக் குழாயும் கண்ணாடிகள் பொருத்திய மூட்டுக் கையும் கொண்டது. என் தாய்க் கருவியில் அதைச் செருக வழியில்லை, தனியே வாங்க வேண்டும். ஆனால் 2940 நானோமீட்டர் எர்பியம் யாக் லேசரைச் சேர்க்கலாம். தோலில் நெருக்கமில்லாத நுண்துளைகளாக ஒளியைப் பாய்ச்சி, இடையில் நல்ல தோலை விட்டுவைத்தால் அது துளைகளை மூடிக்கொள்ளும். எங்கள் நிறத்துக்கு அடர்த்தியைக் குறைத்து, தடவைகளைக் கூட்டி, பொறுமையாகச் செய்ய வேண்டும். தழும்பு மறையாது, இளகும். விரல் மடங்கினால் அந்த மனிதருக்கு அது பெரிது. இறுக்கம் மிகுந்தவர்களை முதலில் சத்திரசிகிச்சை நிபுணரிடம்தான் அனுப்புவேன்.

அதன் விலை, ஒப்பந்தப்படி, இன்றைய டொலருக்கு 42 இலட்சம். தனிக் கருவியாக வாங்கினால் இரட்டிப்புக்கு மேல். முகப் பொலிவு ஹேண்ட்பீஸைப் போல விரைவில் பணம் திரும்பாது. தழும்புக்காரரிடம் நான் அதிகம் வாங்கவும் முடியாது. அதனால் முடிச் சிகிச்சையின் வருமானத்திலிருந்து மாதம் 80 ஆயிரம் தனியே ஒதுக்குகிறேன். இதைச் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உன் மேல்மாடிக்கு எவ்வளவு குறைகிறது, பிள்ளை?" என்று கேட்டார். "நீங்கள் பேசாமல் இருங்கள் அப்பா, ஓய்வூதியமும் இல்லாத மனிதர்" என்று அதட்டிவிட்டேன்.

தழும்புக்காக வந்து, நான் இன்னும் சிகிச்சை தொடங்காதவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். இன்று மாலையுடன் 31 பேர். விலை உறுதி முடிய ஒன்பது மாதங்கள் இருக்கின்றன. ஒதுக்கிய பணம் 11 இலட்சத்து 20 ஆயிரம். நாளை காலை பத்து மணிக்கு வங்கி முகாமையாளரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். கொப்பியையும் கொண்டு போகிறேன்.